பல வருஷமா நின்னுபோன கேட்டர்பில்லர் டி2-வை ஓட வைக்கிறது எப்படி: முதல் தடவை கை வைக்கிறவங்களுக்கு

கேட்டர்பில்லர் டி2, 1938-லேர்ந்து 1957 வரைக்கும் தயாரான செயின் டிராக்டர். அந்தக் கம்பெனியோட டீசல் வரிசைல சின்னதுன்னு சொல்லுவாங்க, ஆனா எடை மூணு டன்னுக்கு மேல. அமெரிக்காவோட மேற்குப் பக்கம், கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாதிரி இடத்துல சரிவான பழத்தோட்டம், கோதுமைக் காடு, மரம் வெட்டுற இடம்னு எல்லாத்துலயும் உழைச்ச வண்டி இது, அதனால அந்தப் பக்கம் பழைய பண்ணை ஒண்ணு வாங்கினா கொட்டகைக்குப் பின்னாடி ப்ளாக்பெர்ரி முள்ளுக்குள்ள ஒரு டி2 மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கிறது ரொம்ப சகஜம். ஓடுமா ஓடாதான்னு கேட்டா பெரும்பாலும் ஓடும். உள்ள கம்ப்யூட்டர் கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, பேட்டரியே இல்லாம ஸ்டார்ட் ஆகுற மாதிரிதான் டிசைன் பண்ணிருக்காங்க.

நான் பார்த்த வரைக்கும் இந்த வண்டிங்க வெயில்லயும் மழையிலயும் நின்னு சாகுறதை விட, யாரோ ஆசையா வந்து முதல் வாரத்துல அவசரப்பட்டு இழுத்து, தட்டி, தள்ளி சாகுறதுதான் அதிகம். துருப்பிடிச்சு நிக்கிற பாகத்தை ஊற வெச்சு விடுவிச்சுடலாம், ஆனா வளைஞ்ச புஷ் ராடையும் (வால்வைத் திறக்கிற கம்பி) உடைஞ்ச பிஸ்டனையும் ஊற வெச்சு சரி பண்ண முடியாது. அதனால இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வரிசைதான்: முதல்ல எல்லாம் ஃப்ரீயா அசையணும், அப்புறம் வண்டியை ஆஃப் பண்ண முடியும்னு உறுதி ஆகணும், அதுக்கப்புறம்தான் ஸ்டார்ட். இந்த வரிசையை மாத்தாதீங்க.

எந்த டி2-ன்னு தெரிஞ்சுக்கோங்க

சீரியல் நம்பரோட முதல் ரெண்டு எழுத்தைப் பாருங்க, இன்ஜின்ல இருக்கிற தகட்டுல இருக்கும். 3ஜே, 5ஜே-ன்னு ஆரம்பிச்சா 1947 வரைக்கும் வந்த பழைய மாடல், உள்ள இருக்கிறது டி3400 இன்ஜின். 4யூ, 5யூ-ன்னா அதுக்கப்புறம் வந்தது, டி311 இன்ஜின். ரெண்டுமே நாலு சிலிண்டர், ரெண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகர்ற தூரம், 5 இன்ச், ஆனா பழசோட போர், அதாவது சிலிண்டரோட விட்டம், மூணேமுக்கால் இன்ச், புதுசோடது 4 இன்ச், அதனால பார்ட்ஸ் ஒண்ணுக்கொண்ணு சேரும்னு நினைச்சு வாங்கிடாதீங்க. 3ஜே-வும் 4யூ-வும் குறுகல், அதாவது ஒரு செயினோட மையத்துலேர்ந்து இன்னொரு செயினோட மையம் வரைக்கும் 40 இன்ச். 5ஜே, 5யூ அகலம், 50 இன்ச். சரிவான நிலத்துல வேலை பார்க்கப் போறீங்கன்னா அகலமானது கவுறுற பயம் கம்மி.

நம்பர் தெரிஞ்ச உடனே அதுக்கான ஓட்டுநர் கையேடு, பார்ட்ஸ் புக், சர்வீஸ் புக் மூணையும் வாங்கிடுங்க, இது செலவு இல்ல, காப்பீடு. நான் கீழ சொல்றது எல்லாம் பொதுவான வழி, ஒவ்வொரு இடைவெளி அளவும், ஆயில் அளவும் உங்க நம்பருக்கான புக்ல இருக்கிறதுதான் சரி. 1991-ல ஆரம்பிச்ச பழைய கேட்டர்பில்லர் வெச்சிருக்கிறவங்க சங்கம் ஒண்ணு இருக்கு, அதுல சேர்ந்தா இந்த வண்டியோட நட்டு போல்ட்டு வரைக்கும் தெரிஞ்ச பெரியவங்க கிடைப்பாங்க, கேள்வி கேட்டா கோச்சுக்க மாட்டாங்க.

தொடுறதுக்கு முன்னாடி

மேல ஏறி லீவரை ஆட்டிப் பார்க்கத்தான் கை பரபரக்கும், கொஞ்சம் பொறுங்க. முள்ளை வெட்டி, செயினுக்குள்ள வளர்ந்த வேரையும் மரக்கன்னையும் அறுத்து, சுத்தி நடந்து வர்ற மாதிரி இடம் பண்ணுங்க. அந்த ஊர்ல வண்டிக்கு அடில ராட்டில்ஸ்னேக் படுத்திருக்கும், கருப்பு விதவைச் சிலந்தி மூலைக்கு மூலை இருக்கும், கையை விடுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. எலிக்கூடு கண்டிப்பா இருக்கும், சீட்டுக்கு அடில, டூல் பாக்ஸ்ல, கிளட்ச் அறைல எல்லாம். இதை லேசா எடுத்துக்காதீங்க, அங்க இருக்கிற டீர் மவுஸ்ங்கிற எலியோட எச்சத்துல ஹண்டா வைரஸ் இருக்கலாம், அந்தத் தூசியை மூச்சுல இழுத்தா உயிருக்கே ஆபத்து. காத்தடிச்சு ஊதவே கூடாது, துடைப்பத்தால பெருக்கவும் கூடாது. கையுறை போட்டு, நல்ல மாஸ்க் போட்டு, ப்ளீச் கலந்த தண்ணியைத் தெளிச்சு நல்லா ஊற விட்டு ஈரத்தோடயே அள்ளி எடுங்க. கிளட்ச், பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிற காலத்து வண்டிங்கிறதால அந்தப் பக்கமும் காத்தடிக்கிற வேலை வேணாம்.

முன்னாடி பிளேடு தூக்கி நின்னுச்சுன்னா அதைத் தரைல இறக்குங்க, இறக்க முடியலைன்னா கனமான கட்டையை முட்டுக் கொடுங்க. ஹைட்ராலிக் தாங்கும்னு நம்பி அடில போகாதீங்க. செயின் ஃப்ரேமுக்குள்ள பெரிய ஸ்ப்ரிங் ஒண்ணு அழுத்தி வெச்சிருக்கும், ரீகாயில் ஸ்ப்ரிங், அதைப் பிடிச்சிருக்கிற போல்ட்டை என்ன காரணத்துக்காகவும் புதுசா வர்றவங்க கழட்டக் கூடாது, அது விடுபட்டா ஆளைக் கொன்னுடும்.

அப்புறம் சைலன்சர் குழாயைப் பாருங்க. இதுதான் வண்டியோட ஜாதகம். மேல மூடி, இல்ல தகரக் குவளை கவுத்து வெச்சிருந்தா பாதி கவலை விட்டுச்சு. திறந்தே கிடந்துதுன்னா மழைத்தண்ணி நேரா உள்ள இறங்கி, எந்த சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலைல நின்னுச்சோ அந்த சிலிண்டருக்குள்ள போய் உக்காந்திருக்கும், அந்த பிஸ்டன்தான் பிடிச்சிருக்கும்.

ஆயில், தண்ணி: மொத்தமா வெளிய எடுத்துப் பாருங்க

ஒவ்வொரு டிரெய்ன் பிளக்கையும் மெதுவா, முழுசாக் கழட்டாம, லேசா தளர்த்துங்க. தண்ணி ஆயிலை விட கனம்ங்கிறதால முதல்ல வர்றது தண்ணியாத்தான் இருக்கும். ஒரு கண்ணாடி ஜாடில பிடிச்சு ஒவ்வொண்ணும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதி வைங்க: இன்ஜின், அதை ஸ்டார்ட் பண்ற குட்டி இன்ஜின், அதோட கியர் பெட்டி, டிரான்ஸ்மிஷன், ரெண்டு பக்க ஃபைனல் டிரைவ் (செயினைச் சுத்துற கடைசி கியர்). வருஷக்கணக்கா ஈரம் படிஞ்சு சேர்ந்த தண்ணி ஒரு டம்ளர் வந்தா பயப்பட வேணாம். இன்ஜின்லேர்ந்து பக்கெட் பக்கெட்டா வந்தா, ஒண்ணு சைலன்சர் வழியா வந்த மழை, இல்ல லைனர் (சிலிண்டருக்குள்ள இருக்கிற உறை) சீலோ ஹெட்டோ போயிருக்கு, அதுல கூலன்ட் நிறம் தெரியுதான்னு பாருங்க.

வண்டியைத் திருப்புற ஸ்டியரிங் கிளட்ச் இருக்கிற அறையோட பிளக்கை மறக்காதீங்க. இந்த அறை காஞ்சு இருக்க வேண்டியது, ஆயிலே இருக்கக் கூடாது. தண்ணி வந்தா தகடுங்க துருப்பிடிச்சு ஒட்டியிருக்கு, ஆயில் வந்தா டிரான்ஸ்மிஷன் சீல் கசியுது. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

ரேடியேட்டர்ல என்ன இருக்குன்னு பாருங்க. வெறும் தண்ணி ஊத்தி விட்டிருந்து, குளிர்ல உறைஞ்சிருந்தா ப்ளாக் வெடிச்சிருக்கும், குட்டி இன்ஜினோட தண்ணி அறையும் வெடிச்சிருக்கும், ஏன்னா ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான். சுத்தமான தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி விட்டு காலைல கசிவு தேடுங்க. குளிர்காலம்னா அப்படியே விட்டுடாதீங்க, வடிச்சுட்டுப் போங்க.

இன்ஜின் சுத்துதா?

டி2-வுக்கு ரெண்டு இன்ஜின். பெரிய டீசலை ஸ்டார்ட் பண்ண பக்கத்துலயே ரெண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒண்ணு இருக்கும், போனி மோட்டார்னு பேரு, நான் குட்டி இன்ஜின்னே சொல்றேன். இப்ப பார்க்கப் போறது பெரிசை.

கியரை நியூட்ரல்ல வைங்க, கம்ப்ரெஷன் ரிலீஸ் லீவரை ஸ்டார்ட் பக்கம் தள்ளுங்க, அது வால்வுகளைத் தூக்கிப் பிடிச்சுக்கும், சிலிண்டர்ல அழுத்தம் சேராது. வால்வுங்களுக்கு மேல இருக்கிற டேப்பட் கவரைக் கழட்டுங்க. நாலு ஃப்யூயல் வால்வையும், அதாவது இன்ஜெக்டரையும் கழட்டி எந்த சிலிண்டரோடதுன்னு குறிச்சு வைங்க. அந்த ஓட்டை வழியா ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊத்துறது) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊத்துங்க, பழைய வண்டி ஆளுங்க எல்லாம் பண்றது இதுதான், அசிட்டோன் தீப்பிடிக்கும்ங்கிறதால பக்கத்துல பீடி சிகரெட் வெல்டிங் எதுவும் கூடாது. நாலு சிலிண்டருக்கும் ஊத்திட்டு வீட்டுக்குப் போயிடுங்க. அடுத்த நாள் எந்த சிலிண்டர்ல இறங்கியிருக்கு, எதுல அப்படியே நிக்குதுன்னு பாருங்க, இறங்காம நிக்கிறதுதான் பெரும்பாலும் பிடிச்சிருக்கிற சிலிண்டர். மறுபடி ஊத்துங்க. வாரக்கணக்குல ஆகட்டும், நிக்கிற வண்டி எங்கயும் ஓடிப் போகாது.

இப்ப ஃப்ளைவீல் பல்லுல கடப்பாரை மாதிரி ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து மெதுவா நெம்பிப் பாருங்க. ஒரே பக்கம் அழுத்தாதீங்க, முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம். ஒரு மயிரிழை அசைஞ்சா போதும், அதுதான் ஜெயிச்ச நேரம், அதுக்கப்புறம் ஊத்தி ஊத்தி ஆட்டினா வழி விரியும். அசையவே இல்லைன்னா கம்பியை நீளமாக்காதீங்க, ஹெட்டைக் கழட்டிப் பாருங்க, லைனர் மாத்தக்கூடிய வகைதான், உலகம் முடிஞ்சுடல.

அசைய ஆரம்பிச்ச உடனே கம்ப்ரெஷன் ரிலீஸை ரன் பக்கம் மாத்திட்டு ஒருத்தர் நெம்பணும், ஒருத்தர் வால்வுங்களைப் பார்க்கணும். எட்டு வால்வும் இறங்கி, திரும்ப தானா மேல வரணும். ஒண்ணு இறங்கினது அப்படியே நின்னா உடனே நிறுத்துங்க, அதே நிலைல தொடர்ந்து சுத்தினா பிஸ்டன் வந்து இடிக்கும், இல்ல புஷ் ராடு வளையும். வால்வுத் தண்டுல ஆயிலை விட்டு, ரப்பர் சுத்தியலால தட்டித் தட்டி இறக்கி ஏத்துங்க. இந்த வேலைக்கு ஒரு நாள் முழுசா போனாலும் போகட்டும்.

ரெண்டு முழு சுத்து தடங்கல் இல்லாம வந்த பிறகு ஊத்தினதெல்லாம் ஃப்யூயல் வால்வு ஓட்டை வழியா வெளிய வர்ற வரைக்கும் சுத்துங்க. சிலிண்டருக்குள்ள திரவம் இருக்கும்போதே ஃப்யூயல் வால்வை மாட்டி, குட்டி இன்ஜினைப் போட்டு சுத்தினா திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

ஆஃப் ஆகுமா? இதைத் தாண்டி போகாதீங்க

இந்தக் கட்டுரைல ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன்னா இதைப் படிங்க.

பெட்ரோல் இன்ஜினை ஸ்பார்க்கை நிறுத்தி அணைச்சுடலாம். டீசலுக்கு ஸ்பார்க் இல்ல, டீசல் போறது நின்னாதான் நிக்கும். டி2-ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பம்ப், நாலையும் ஒரு பல்லு வெச்ச கம்பி இணைக்கும், ராக்குன்னு சொல்லுவாங்க. அந்த ராக்கை கவர்னர், அதாவது இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துற பாகம், முன்னயும் பின்னயும் நகர்த்தி எவ்வளவு டீசல் போகணும்னு முடிவு பண்ணும். வருஷக்கணக்கா நின்ன வண்டில பழைய டீசல் பிசின் மாதிரி ஆகி பம்புக்குள்ள ஏறி இறங்குற பிளஞ்சர்ங்கிற தண்டைப் பிடிச்சுக்கும். நாலுல ஒண்ணு பிடிச்சாலே போதும், ராக்கே நகராது. முழு டீசல் நிலைல ராக்கு மாட்டிக்கிட்டு இருக்க, நீங்க ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின் வேகம் ஏறிக்கிட்டே போகும், கவர்னரால பிடிக்க முடியாது, த்ராட்டிலைப் பின்னாடி இழுத்தாலும் கேக்காது, கடைசில வெடிச்சுதான் நிக்கும். டீசல் டாங்க் குழாயை மூடினாலும் ஃபில்டர்ல இருக்கிற டீசலே கொஞ்ச நேரம் ஓட்டும், அந்த நேரமே ஜாஸ்தி.

அதனால பம்ப் மூடியைக் கழட்டி ராக்கை விரலால தொட்டு நகர்த்திப் பாருங்க. வழுவழுன்னு முழு நீளமும் போய் வரணும். பிடிச்சிருந்தா ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பாதீங்க, பல்லு போயிடும். நல்ல துரு எண்ணெயை விட்டு ஊற வைங்க. அசையலைன்னா எந்த பம்ப் பிடிச்சிருக்குன்னு பார்த்து அதை மட்டும் வெளிய எடுக்கலாம், இந்த டிசைன்ல அந்த வசதி இருக்கு. ஆனா பிளஞ்சரும் அது உக்கார்ற உருளையும் ஜோடியா அரைச்சது, ஒண்ணோடதை இன்னொண்ணோட மாத்திப் போடவே கூடாது, தூசி பட்ட துணில துடைக்கவும் கூடாது. இதுல கை நடுங்கினா டீசல் பம்ப் கடைக்கு அனுப்பிடுங்க.

ராக்கு ஃப்ரீ ஆனதும் த்ராட்டில் லீவரை ஐட்லைத் தாண்டி ஸ்டாப் வரைக்கும் இழுத்து, ராக்கு உண்மையாவே டீசல் நிக்கிற பக்கம் முழுசா போகுதான்னு கண்ணால பாருங்க. லீவர் நகர்ந்தா ராக்கும் நகர்ந்திருக்கும்னு நினைச்சுக்காதீங்க.

இதுக்கு மேல ஒரு பாதுகாப்பும் வேணும். ஏர் க்ளீனரோட மேல்மூடியைக் கழட்டினா காத்து இழுக்கிற குழாய் வாய் தெரியும், அதை முழுசா மூடுற அளவுக்கு கனமான பிளைவுட் துண்டு ஒண்ணு வெட்டி, ஸ்டார்ட் பண்ற அன்னைக்கு ஒரு ஆளு அதைக் கைல பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நிக்கட்டும். வேகம் தானா ஏறினா அடைச்சுடணும், காத்து இல்லைன்னா டீசல் எரியாது. துணியால அடைச்சா உள்ள இழுத்துக்கும், உள்ளங்கையால அடைக்கவே கூடாது. அதே ஏர் க்ளீனர் ஆயில் தொட்டி வகைங்கிறதால அதைக் கழுவி, கோடு போட்ட அளவுக்கு மட்டும் ஆயில் ஊத்துங்க, கொஞ்சம் சேர்த்தே ஊத்துவோம்னு ஊத்தினா இன்ஜின் அந்த ஆயிலை இழுத்துக் குடிச்சு, டீசல் இல்லாமலே தலைதெறிக்க ஓடும்.

டீசல் வழி

டாங்க்ல இருக்கிறது மொத்தத்தையும் வடிச்சுக் கொட்டுங்க, அடில தண்ணியும் சேறும் இருக்கும். டாங்க்கை அலசி, புது ஃபில்டர் போட்டு, புது டீசல் ஊத்தி, டாங்க் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு இடமா ஏர் எடுத்துட்டே வாங்க. கடைசியா பம்புங்களுக்கான ஏர் ஸ்க்ரூவை குட்டி இன்ஜின் பெரிசைச் சுத்தும்போது எடுக்கிறதுதான் சுலபம். ஃப்யூயல் வால்வுங்களை நல்ல கடைல டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, முனைல இருக்கிற கேப்சூல் மட்டும் மாத்திக்கலாம். நீங்களே டெஸ்ட் பண்றேன்னு பீச்சுற இடத்துல விரலைக் கொண்டு போகாதீங்க, அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும்.

குட்டி இன்ஜின்

நிறைய பேர் இதைத் தொல்லைன்னு கழட்டிப் போட்டுட்டு வேற ஏற்பாடு பண்றாங்க. எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. அந்தக் குளிர் ஊர்ல, பேட்டரி இல்லாம, ஒரு டீசலை சூடு பண்ணி, ஆயில் பிரஷர் ஏத்தி, அதுக்கப்புறம் எழுப்புற மாதிரி யோசிச்சு செஞ்சிருக்காங்க பாருங்க, அதுதான் இந்த வண்டியோட அறிவு. குட்டி இன்ஜின் ஓடும்போது அதோட சூடான தண்ணி பெரிசுக்குள்ள போகும், அதோட புகைச் சூடு பெரிசு இழுக்கிற காத்தை சூடாக்கும். பெரிசு கண் முழிக்கிறதுக்குள்ள அதுக்கு எல்லா பணிவிடையும் நடந்து முடிஞ்சிருக்கும்.

அதுல பார்க்க வேண்டியது மூணுதான்: ஸ்பார்க், பெட்ரோல், ஆயில். ஸ்பார்க் மேக்னடோலேர்ந்து வருது, பேட்டரி இல்லாமலே, சுத்தும்போது ஸ்பார்க் கொடுக்கிற பாகம் அது. மூடியைக் கழட்டி, உள்ள திறந்து மூடுற பாயிண்டை அதுக்குன்னு இருக்கிற மெல்லிய அரத்தால தேய்ச்சு, சுத்தமான துணியால துடைச்சு, புக்ல இருக்கிற இடைவெளிக்கு வைங்க. கையால சுத்தும்போது டக்குனு ஒரு சத்தம் வரணும், அது இம்பல்ஸ் கப்ளிங், மெதுவா சுத்தும்போதும் வலுவான ஸ்பார்க் வர்றது அதனாலதான். சத்தம் வரலைன்னா உள்ள கெட்டியான கிரீஸ்ல மாட்டியிருக்கு. சத்தம் வந்தும் ஸ்பார்க் இல்லைன்னா கன்டென்சரை சந்தேகப்படுங்க. பெட்ரோல் டாங்க்ல பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி காஞ்சிருக்கும், கார்பரேட்டர் ஜெட் எல்லாம் அடைச்சிருக்கும், முழுசா பிரிச்சுக் கழுவுங்க, மிதவை ஓட்டையான்னு வெந்நீர்ல அமுக்கிப் பாருங்க, குமிழி வந்தா ஓட்டை.

ஆயிலை மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சா கார்பரேட்டர் வழிஞ்சு பெட்ரோல் உள்ள இறங்கியிருக்கு, அந்த ஆயிலோட ஓட்டினா பேரிங் போயிடும். குட்டி இன்ஜினுக்குத் தனி ஆயில், பெரிசோட ஆயில் இதுக்கு வராது, இது தெரியாமலே நிறைய குட்டி இன்ஜின் செத்திருக்கு. அதே மாதிரி ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம அதை ஓட்டவும் கூடாது.

ஸ்டார்ட் பண்ற நாள்

இழுத்து ஸ்டார்ட் பண்ணலாமேன்னு பக்கத்து நிலத்துக்காரர் பெரிய டிராக்டரோட வருவார், ஆசையாத்தான் வருவார், வேணாம்னு சொல்லிடுங்க. ஆயில் பிரஷர் ஒண்ணும் ஏறாம காஞ்ச பேரிங்கோட இன்ஜின் திடீர்னு ஓட ஆரம்பிக்கும். ஈதர் ஸ்ப்ரேயும் வேணாம்.

பெரிசோட த்ராட்டில் ஸ்டாப்ல இருக்கணும், கம்ப்ரெஷன் ரிலீஸ் ஸ்டார்ட் பக்கம், கியர் நியூட்ரல், குட்டி இன்ஜின் கிளட்ச் விடுபட்டு இருக்கணும். பெட்ரோலைத் திறந்து, சோக் போட்டு, குட்டி இன்ஜினை எழுப்புங்க. சிலதுல கயிறு, சிலதுல கை கிராங்க், சிலதுல பேட்டரி ஸ்டார்ட்டர் இருக்கும். கயிறுன்னா கைல சுத்திக்காதீங்க, எதிர்ப்பக்கம் உதைச்சா விரலோட போயிடும். கிராங்க்னா கட்டை விரலும் மத்த விரல் பக்கமே இருக்கட்டும், மேல நோக்கி இழுங்க.

அது கொஞ்ச நேரம் ஓடி சீரானதும் வேகத்தைக் குறைச்சு, பினியன்ங்கிற சின்ன பல்சக்கரத்தோட லீவரைப் போட்டு ஃப்ளைவீல் பல்லோட சேருங்க. பல்லு கரகரன்னா வற்புறுத்தாதீங்க, கிளட்ச் லீவரை விடுற பக்கமே இன்னும் அழுத்தினா உள்ள ஒரு பிரேக் பினியனை நிறுத்தும், அப்ப போடுங்க, லாக் ஆகுறது கைல தெரியும். அப்புறம் கிளட்சை மெதுவாக் கொடுங்க, பெரிசு சுத்த ஆரம்பிக்கும். இப்ப அவசரமே வேணாம். ஆயில் பிரஷர் முள்ளு எழும்புதான்னு பாருங்க, எழும்பலைன்னா நிறுத்திக் காரணம் தேடுங்க. டேப்பட் பக்கம் ஆயில் வருதான்னு பாருங்க. பம்ப் ஏர் ஸ்க்ரூவைத் திறந்து குமிழி இல்லாம டீசல் வர்ற வரைக்கும் விட்டு மூடுங்க. ரேடியேட்டர் மேல்பக்கம் கை வெச்சா வெதுவெதுப்பு தெரியணும்.

எல்லாம் சரின்னா கம்ப்ரெஷன் ரிலீஸை ரன்னுக்கு மாத்துங்க, குட்டி இன்ஜின் மூச்சு முட்டி உழைக்கிற சத்தம் கேக்கும், அது சரிதான். இன்னும் கொஞ்சம் சுத்த விட்டு, பிளைவுட் ஆளைப் பார்த்துட்டு, த்ராட்டிலைப் பாதி திறங்க. ஒரு சிலிண்டர் பிடிக்கும், வெள்ளைப் புகை வரும், ரெண்டாவது பிடிக்கும், அப்புறம் நாலும். வேகம் ஏறினதும் பினியன் தானா தூக்கி எறிஞ்சுக்கும். குட்டி இன்ஜின் கிளட்சை விடுங்க. அதை சுவிட்ச் போட்டு அணைக்காதீங்க, பெட்ரோல் குழாயை மூடி கார்பரேட்டர் காஞ்சு தானா நிக்க விடுங்க, அடுத்த தடவை வழிஞ்சு ஆயில்ல கலக்காது.

முதல் ஓட்டத்துல ஐட்லுக்கு இறக்கி, சீரா நிக்குதான்னு பார்த்துட்டு, ஒரு தடவை ஸ்டாப்புக்கு இழுத்து அணையுதான்னு பாருங்க. மறுபடி எழுப்ப சோம்பலா இருக்கும், ஆனாலும் பண்ணுங்க. அப்புறம் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தி, ஆயில் பால் மாதிரி ஆச்சான்னு பாருங்க. ஆயிலைச் சீக்கிரமே ஒரு தடவை மாத்துங்க, பழைய கசடு நிறைய வரும். ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கலைன்னா ஓடும்போது ஒவ்வொரு டீசல் பைப் நட்டா லேசா தளர்த்துங்க, எதைத் தளர்த்தினா சத்தம் மாறலையோ அதுலதான் கோளாறு.

செயினும் ஸ்டியரிங்கும்

செயின் பின்னும் புஷ்ஷும் துருல ஒட்டி ஒவ்வொரு இணைப்பும் விறைப்பா நிக்கும். ஸ்டார்ட் பண்றதுக்கு வாரங்களுக்கு முன்னாடியே ஆயில் விட ஆரம்பிச்சுடுங்க. கீழ் ரோலர் ஒவ்வொண்ணும் சுத்துதான்னு பாருங்க, சுத்தாத ரோலரோட இழுத்தா ஒரு பக்கம் தட்டையா தேஞ்சுடும். தொய்வு சரியான்னு பார்க்க, மேல் ரோலருக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு நேரான பலகையை வெச்சு செயின் எவ்வளவு இறங்குதுன்னு அளந்து பாருங்க, ஒன்றரை இன்ச்லேர்ந்து ரெண்டு இன்ச் வரைக்கும் இருக்கலாம். இறுக்கமா இருக்கிறது நல்லதுன்னு நினைக்காதீங்க, இறுக்கம்தான் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் தின்னும். ஸ்ப்ராக்கெட் பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சு கூராயிருந்தா செலவு பெரிசு, இன்னும் வாங்காத வண்டின்னா விலை பேசும்போது இதைத்தான் முதல்ல காட்டணும், இன்ஜினை இல்ல.

செயின் வண்டிக்கு ஸ்டியரிங் வீல் கிடையாது. ரெண்டு லீவர், ரெண்டு பிரேக் பெடல். இடது லீவரை இழுத்தா இடது செயினுக்குப் போற சக்தி துண்டிக்கும், வண்டி இடது பக்கம் திரும்பும். துருப்பிடிச்ச கிளட்ச்னா லீவரை இழுத்தும் துண்டிக்காது, வண்டி நேராவே போகும். ஒட்டினதைப் பிரிக்க முதல்ல லீவரைப் பின்னாடி இழுத்துக் கட்டி வெச்சு, விறுவிறுன்னு சூடு ஏறுற வரைக்கும் வண்டியை ஓட்டுங்க. அகலமான, சமமான இடத்துல முதல் கியர்ல போய்க்கிட்டே லீவரை இழுத்து அதே பக்க பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்க, சில வண்டில பட்டுனு விடும். அதுக்கும் கேக்கலைன்னா அறைக்குள்ள மண்ணெண்ணெய் மாதிரி கழுவுற திரவம் ஊத்தி முன்னும் பின்னும் ஓட்டிக் கழுவுற முறை ஒண்ணு இருக்கு, சர்வீஸ் புக்கைப் பார்த்து மட்டும் பண்ணுங்க, கழுவினதும் முழுசா வடிச்சு நல்லா காய விடணும், இல்லைன்னா கிளட்ச் சூட்டுல தீப்பிடிக்கும். கடைசி வழி பிரிச்சு எடுக்கிறது, அது கனமான வேலை, ஆனா செய்யக்கூடியதுதான்.

இறக்கத்துல ஒரு விஷயம், இதைத் தெரியாம யாரும் சரிவுல இறங்கக் கூடாது. வண்டியோட எடையே அதைக் கீழ தள்ளும்போது இன்ஜின்தான் ரெண்டு செயினையும் பிடிச்சு வெச்சிருக்கும். அப்ப இடது லீவரை மட்டும் இழுத்தா இடது செயின் விடுபட்டு வேகமா ஓடும், வண்டி வலது பக்கம் திரும்பும். நீங்க நினைச்சதுக்கு நேர் எதிரா. பிரேக்கையும் சேர்த்து அழுத்தினாதான் நினைச்ச பக்கம் போகும். அதனால பிரேக் ரெண்டும் பிடிக்குதுன்னு சமதளத்துல உறுதி பண்ணாம மேட்டுப் பக்கமே போகாதீங்க, முதல் சில நாள் தட்டையான இடமே போதும்.

டி2-வுக்கு முன்னாடி 5 கியர், பின்னாடி 1. அஞ்சாவதுல போனாலும் மணிக்கு 8 கிலோமீட்டர் பக்கம்தான். முதல் நாள் ஒண்ணுலயே ஓட்டுங்க. கொஞ்ச தூரம் போய் நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு ரோலரையும் ஃபைனல் டிரைவையும் புறங்கையால கிட்ட கொண்டு போய் சூடு பாருங்க, ஒண்ணு மட்டும் மத்ததை விட சுட்டா ஒண்ணு அதுல ஆயில் கிடையாது, இல்லைன்னா பேரிங் போகுதுன்னு அர்த்தம்.

பெயிண்ட் அடிக்கிற ஆசை வரும், அந்த மஞ்சளை 1931 கடைசிலேர்ந்து கம்பெனி அடிக்குது. ஒரு சீசன் வேலை செய்ய விட்டு, எங்க எங்க கசியுதுன்னு தெரிஞ்ச பிறகு அடிங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம்ங்கிறதால காஞ்ச நிலைல தேய்க்க வேணாம்.

நிறுத்தும்போது மண்ணுல நிறுத்தாம ரெண்டு கனமான பலகை மேல ஏத்தி நிறுத்துங்க, செயின் இணைப்புக்குள்ள அடைஞ்ச சேற்றை மண்வெட்டியால அப்பவே எடுத்துடுங்க, குளிர் ராத்திரில அது உறைஞ்சு கல்லாயிடும். டீசல் டாங்க்கை நிரப்பி வைங்க, காலி இடம் இருந்தா ஈரம் படியும். குளிருக்கு முன்னாடி ஆன்டிஃப்ரீஸ் கலவை சரியான்னு பார்த்துடுங்க. சைலன்சர் மேல மூடி போடுங்க. ஸ்டியரிங் லீவர் ரெண்டையும், நிக்கிற நாள் அதிகம்னா, பின்னாடி இழுத்து கயிறால கட்டி வைங்க, அப்பதான் கிளட்ச் தகடுங்க மறுபடி ஒட்டிக்காது.